வம்பு டப்பா

டிக் விழவில்லை. விழாவிட்டால் கிடக்கட்டும் என்று தேன்மொழி போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். வைத்த கை நகர்வதற்குள் திரும்ப எடுத்துப் பார்த்தாள். விழவில்லைதான். ‘சாப்பிட்டாச்சா அண்ணி’ என்று காலையில் அனுப்பியது, நேற்று அனுப்பியது, முந்தாநாள் அனுப்பியது, எல்லாமே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரக் கூச்சப்பட்டு நிற்கிற விருந்தாளி மாதிரி அப்படியே நின்றுகொண்டிருந்தன. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், வயிறு நிறைய வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும், முதுகில் இதமாக வெயில், கொடியில் கணவர் தயாளனின் சட்டைகள் காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருக்கின்றன. ஐப்பசி பிறக்கப் போகிற வானம் இப்படியா பளிச்சென்று இருக்கும். நம்பக் கூடாது, வெள்ளம் வந்த அந்தத் தடவையும் இப்படித்தான், முந்தின நாள் வரைக்கும் துணி மொறமொறவென்று காய்ந்தது. தயாளன் இந்நேரம் கனகசபை சார் வீட்டு மூன்றாவது மாடியில் இருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு கிளம்பினவர். இதோ அடுத்த தெரு, இதற்கு இவ்வளவு நேரமா, காபி கொடுத்திருப்பார்கள், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது இந்த மனுஷனுக்கு, கனகசபை சார் பேச ஆரம்பித்தால் லேசில் விடுவாரா, இவரும் தலையை ஆட்டி ஆட்டியே ஊரில் நல்ல பேர் வாங்கினவர். போன் பண்ணிக் கேட்கலாம். வேண்டாம், படியேறிக்கொண்டிருந்தால் பதறுவார். கொஞ்சம் பொறுப்போம் என்று போனை மறுபடி கவிழ்த்தாள்.

அங்கே இருக்கிற டப்பாதான் வாயை மூடிக்கொண்டுவிட்டது. டப்பா என்றால் ஏதோ பெரிய இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். சிசிடிவி கேமராவுக்குப் பின்னால் வைப்பார்களே வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, அதேதான், எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே பிஸ்கட் அளவில் ஒரு ரேடியோ போர்டு, செத்துப்போன லேப்டாப் பேட்டரியைப் பிரித்ததில் உயிர் மிச்சமிருந்த செல்கள், வெளியே ஒரு ஆன்டெனா, தலைமேல் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுக்கு சோலார் பலகை. சிம் கிடையாது, டவர் கிடையாது, கரண்டு வேண்டாம். வீட்டில் இருப்பவர் போனில் தட்டுவதைப் பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டி ரேடியோ வாங்கி மாடி டப்பாவிடம் சொல்லும், மாடி டப்பா அதைக் கேட்டது கேட்டபடி அடுத்த டப்பாவிடம் சொல்லும், அது அதற்கடுத்த தெருவுக்கு. இதை முதன்முதலில் பொன்னியம்மன் நகர்ப் பெண்களுக்கு விளக்கியபோது மாவு மில் ஜெயந்தி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு, அப்போ இது வம்பு டப்பா என்று சொல்லேன், இதற்கு எதற்குச் சுற்றி வளைக்கிறாய் என்றாள். அன்றோடு ரேடியோவும் போச்சு, சோலாரும் போச்சு, வம்பு டப்பா என்ற பேர்தான் நிலைத்தது. ஒன்று இதோ இந்தத் தொட்டிமேல், ஒன்று மாவு மில் கூரைமேல், நடுவில் உயரமாக கனகசபை சார் வீட்டுத் தொட்டிமேல் ஒன்று. அந்த நடு டப்பா பேசினால்தான் ஏரிக்கரைத் தெருவுக்குப் பேச்சு போகும். ஏரிக்கரைத் தெருவின் கடைசி வீட்டில்தான் அண்ணி இருக்கிறார்.

அண்ணி என்றால் தயாளனின் அக்கா வேதவல்லி. தனி ஆள். கீழ்வீடு மட்டும்தான், மாடிக்குப் படி கட்டுவதற்குள் அவர் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அதற்குப்பிறகு படி எதற்கு என்று விட்டுவிட்டார். ஏரி நிரம்பி மதகைத் திறந்த அந்த விடியலில் எல்லார் போனும் செத்துக் கிடந்தது, யார் யாருக்குச் சொல்ல முடியும், தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்தபோது அண்ணி சமையலறை மேடையில் கால் வைத்துப் பரணில் ஏறிக்கொண்டார். அந்த வயதில் எப்படித்தான் ஏறினாரோ, பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவில் ஒரு பகல், ஒரு ராத்திரி. படகுக்காரர்கள் ஜன்னலில் தட்டியபோது, வரேன் இருங்க, புடவை மாத்திக்கறேன் என்றாராம். இன்றைக்கு வரைக்கும் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார், எனக்கென்ன பயம் தேனு, பொம்மைங்களோட பொம்மையா உக்காந்திருந்தேன் என்பார். மழைக்காலத்துக்கு இங்கே வந்து இருங்கள் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவை ஏரியை உடைக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவர எனக்கென்ன பைத்தியமா என்பார். அதுவும் நியாயம்தான். ஆனால் டப்பாவைப் பார்த்ததும், ஏனோ, அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உன் டப்பா வான்னு சொன்னா வரேன், வேற யார் சொன்னாலும் வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு ஒன்றுதான் தேன்மொழியின் கையில் இருக்கிறது. மழைக்கு முன்பே டப்பா படுத்துக்கொண்டது என்றால் அண்ணி அப்புறம் எதையும் நம்ப மாட்டார், மதகு திறந்தாலும் நகர மாட்டார். நேற்றுப் போனில் கூட, என்ன தேனு, மழை வர்றதுக்கு முன்னாடியே உன் டப்பாவுக்குக் குளிர் ஜுரமா என்று கேட்டார். சிரித்துத்தான் கேட்டார்.

எங்கே தப்பு நடந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. போர்டு நல்லது, போடுவதற்கு முன் ஒரு வாரம் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாயிற்று. செல் நல்லது. சிலிகான் பசையை மூடி ஓரமெல்லாம் வழித்து வழித்துப் பூசியாயிற்று, எறும்பு கூட நுழையாது. அப்போ பற்று. ஒயர்களை ஈயம் உருக்கிப் பற்றவைத்தது இவள்தான், சமையல் மேடையில், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு. போன் செய்கிற கம்பெனியில் லைனில் பல வருஷம் தலையில் தொப்பியும் மணிக்கட்டில் ஒயரும் கட்டிக்கொண்டு நின்ற கைதான் இது, பற்று பளபளவென்று இருந்தால் பிடித்துக்கொண்டது, சாம்பல் பூத்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பளபளவென்றுதான் இருந்தது. இருந்ததா? பலகை ஒயரை வைக்கிற நேரத்தில்தானே பால் பொங்கியது. ஆமாம், பால் பொங்கியது, இவள் பற்றவைக்கிற கம்பியை வைத்துவிட்டு ஓடினாள், திரும்ப வந்து முடித்தாள். முடித்தாளா, முடிந்துவிட்டதாக நினைத்து மூடியைப் போட்டாளா. பால் அடங்கியதும் அடுப்பைத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது, துணியைப் பிழிந்தது ஞாபகம் இருக்கிறது, வாசலில் கீரைக்காரம்மா கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது, அரைக்கீரை, அன்றைக்குக் கடைந்தது நன்றாக அமைந்தது, இரண்டாம் தடவை சோறு கேட்டார் இவர். பற்று மட்டும் ஞாபகத்தில் இல்லை. கீரையை விடு. பலகை ஒயர் விட்டுப்போயிருந்தால் போட்ட அன்றைக்கே அல்லவா படுத்திருக்கும், ஒரு மாசம் முழுசாக எப்படிப் பேசியது. ஆயுத பூஜை வரைக்கும் ஒரு குறையும் இல்லை, ‘சுண்டல் கொண்டு வரவா’ என்று கேட்டதற்கு அண்ணியிடமிருந்து ‘பட்டாணி வேண்டாம், கொண்டைக்கடலை’ என்று டக்கென்று பதில் வந்தது. அதற்குப்பின்தான் ராத்திரியில் தூங்க ஆரம்பித்தது, அப்புறம் மத்தியானத்தில் மட்டும் முனகியது, இப்போது மூச்சே இல்லை. வெயில் போய்ச் சேரவில்லை, அதுதான். இவ்வளவு வெயில் அடிக்கும்போது பலகைக்கு மட்டும் ஏன் போகவில்லை. யாரோ பலகையைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ.

கனகசபை சார்தான். வேறு யார் அந்த மாடிக்கு ஏறப் போகிறார்கள். குடியிருப்போர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, இதிலிருந்து வருகிற அலையில் எங்களுக்கு ஏதாவது வந்தால் நீ பொறுப்பா அம்மா என்று கேட்டவர். இவளுக்குப் பேர்தான் தேன்மொழி. நாக்கில் தேனைத் தடவ மறந்துவிட்டார்கள். உங்க வீட்டு வைஃபையை விட இது சாது சார், முதல்ல அதைப் பிடுங்கிப் போடுங்க, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் தயாளனைக் கூப்பிட்டு, வந்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாராம், இவளிடம் ஒரு வார்த்தை இல்லை, வழியில் எதிர்ப்பட்டால் குடையைப் பார்த்துக்கொண்டு போவார். இவளும் அந்தப் படி ஏறுவதில்லை என்று வைராக்கியமாக இருந்துவிட்டாள். தயாளன்தான் போய் மாட்டினார், பலகையைத் தெற்கே பார்த்துச் சாய்த்து வைத்தார். இவள் வீடு வடக்கே இருப்பதால் இங்கிருந்து எக்கிப் பார்த்தால் பலகையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. பழி வாங்க வேண்டும் என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம், கழற்றிக்கொண்டு போ என்று. டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டுப் பெண் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வதா, ஒரு வாரமாக மாடிக் கதவில் பூட்டு, இன்றைக்குக் காலையில்தான் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒரு கிழவி பரணில் உட்கார்ந்திருந்த கதை தெரிந்தும் இப்படிச் செய்ய மனசு வருமா. வராது. அந்த வெள்ளத்தில் தெருவே அவர் வீட்டு மாடியில்தானே இருந்தது, ரசமும் சோறும் அவர் சம்சாரம்தானே எல்லாருக்கும் போட்டாள், இவளும் தட்டை நீட்டி வாங்கினாளே. அதை நினைத்ததும் கோபம் கொஞ்சம் கீழே இறங்கியது, இறங்கியது பிடிக்காமல் அவள் அதை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டாள். குடையைப் பார்த்துக்கொண்டு போனாரே.

அந்த மாடியில் நின்றுதான் ஏரிக்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்புத் தண்ணீர், நடுவில் தென்னை மண்டைகள், வேறு ஒன்றும் இல்லை. பக்கத்தில் தயாளன் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார், விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து போயிற்று. அந்த விரலைத்தான் இவளால் மறக்க முடியவில்லை. இருக்கிறாரா இல்லையா என்ற ஒரே ஒரு வார்த்தை தெரிந்தால் போதும், அதற்கு வழியில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு மனுஷி இருக்கிறாளா என்று கேட்க வழியில்லாமல் கையில் ஆளுக்கொரு போன். பரணில் இருட்டில் என்ன தெரிந்திருக்கும் அண்ணிக்கு. தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். அரிசி டின் மிதந்து சுவரில் இடிக்கிற சத்தம். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காலைத் தொங்கவிட்டுப் பார்த்திருப்பாரா. போதும், இதற்குமேல் போகக் கூடாது. துணி காய்ந்திருக்கும். ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக, மொறமொறப்பாக, சோப்பு வாசனையோடு இருந்தது, முகத்தில் வைத்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருக்கிறது எல்லாம். அந்த மனுஷனுக்குச் சட்டை இருக்கிறது, அக்கா இருக்கிறார், மாவு மில் டப்பா பிழையில்லாமல் பேசுகிறது, ஜெயந்தி நேற்று ‘இட்லி மாவு புளிச்சிடுச்சு யாருக்காவது தோசைக்கு வேணுமா’ என்று போட்டாள், அதற்கு மூன்று வீட்டிலிருந்து பதில். இதற்கா இத்தனை பாடுபட்டாய் என்று யாராவது கேட்டால் ஆமாம், இதற்குத்தான் என்பாள். ஒரு புறா வந்து தொட்டிமேல் உட்கார்ந்து ஆன்டெனாவை ஒரு மாதிரியாகப் பார்த்தது. சூ என்றாள். அது போகவில்லை, இவளும் விட்டுவிட்டாள்.

போன் அடித்தது. தயாளன். எடுத்ததும் மூச்சு வாங்குகிற சத்தம், பிறகு சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம். என்ன, பலகையைத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று இவள் கேட்டாள். இல்லை, வைத்தது வைத்தபடி தெற்கே பார்த்துத்தான் இருக்கிறது என்றார். பின்னே என்ன, ஒயரா, பற்றா, பால் பொங்கின அன்றைக்கே நினைத்தேன் என்று இவள் சொல்லிக்கொண்டே போக, அவர் குரலைத் தாழ்த்தி, “தேனு, பலகைக்குப் பட்டை போட்டிருக்கு” என்றார். இவளுக்கு விளங்கவில்லை. பட்டை என்றால்? விபூதிப் பட்டை, மூன்று விரலால் குழைத்து இழுத்தது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கெட்டியாகக் காய்ந்திருக்கிறது. நாலு மூலையிலும் சந்தனம், நட்டநடுவில் குங்குமம், அதற்குமேல் சாமந்திப் பூமாலை ஒன்று, ஆன்டெனாவில் மாட்டித் தொங்கவிட்டது, காய்ந்து பலகைமேல் படர்ந்து கிடக்கிறது. கீழே பொரி கூட இருக்கிறது, எறும்பு தின்றது போக மிச்சம். தேன்மொழி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். எழுந்து எக்கிப் பார்த்தாள், முதுகுதான் தெரிந்தது. ஆயுத பூஜை! காருக்கு வைத்து, மோட்டாருக்கு வைத்து, மிக்சிக்கு வைத்து, தொட்டிவரைக்கும் ஏறி இதற்கும் வைத்திருக்கிறார். அந்தப் பலகையில் ஒரு கட்டத்தில் நிழல் விழுந்தாலே பலகை முழுக்கச் சோம்பிப்போகும், இதில் விபூதி, சந்தனம், மாலை, எங்கேயிருந்து மூச்சு விடும் பாவம். சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை, அந்தப் புறா கூடப் பறந்துவிட்டது.

சிரித்து முடிப்பதற்குள் தயாளன் இன்னும் தாழ்ந்த குரலில், அவர் இங்கேதான் பக்கத்தில் நிற்கிறார், என் கையில் ஈரத்துணி இருக்கிறது, அவர் போட்ட பொட்டை அவர் கண்ணெதிரில் நான் எப்படித் துடைப்பது, நீயே சொல் என்றார். நியாயமான கேள்வி. சாமிக்கு வைத்ததை அழி என்று யார் வாயால் சொல்வது. என்ன சொல்லி வைத்தாராம் என்று கேட்டாள். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார் என்றார் தயாளன். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இதை விடுவதா, இதுவும் நம்ம வீட்டில் உழைக்குதே என்றாராம். நம்ம வீட்டில் என்றாரா. இத்தனை நாள் மனசுக்குள் அவரை எங்கெல்லாம் நிறுத்தி என்னென்ன கேட்டாள், அந்த மனுஷன் கையில் விபூதித் தட்டோடு மூன்று மாடி ஏறியிருக்கிறார். வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, இரண்டும் சேர்ந்து கண்ணில் வந்து நின்றது. போனை அவரிடம் கொடுங்கள் என்றாள். கொடுக்கிற சத்தம் கேட்டது, தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது.

“சார், தேன்மொழி பேசறேன். பொட்டு அழகா வெச்சிருக்கீங்களாம். டப்பாவுக்கு இருக்கட்டும் சார். மேல இருக்கிற கண்ணாடிக்கு மட்டும் வேணாம், அது வெயிலைச் சாப்பிடற வாய்.”

கனகசபை சார், “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆமாம் சார், சொல்லியிருக்கலாம் என்றாள் இவள். அவரே துணியை வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது. சரசரவென்று துடைக்கிற சத்தமும், நடுவில், இந்தக் குங்குமத்தைப் பெட்டிக்கு மாற்றிவிடலாமா, அதனால் ஒன்றும் ஆகாதே என்று கேட்கிற குரலும் வந்தது. தாராளமாக மாற்றுங்கள் என்றாள். அடுத்த வருஷமும் நீங்கள்தான் வைக்க வேண்டும், நான் சுண்டல் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றும் சொன்னாள், சொன்ன பிறகுதான் அந்தப் படி ஏறுவதில்லை என்ற வைராக்கியம் ஞாபகம் வந்தது. போகட்டும், பழைய வைராக்கியம்.

இனிக் கொஞ்சம் வெயில் குடிக்க வேண்டும், அப்புறம்தான் எழுந்திருக்கும். வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது, போதுமோ போதாதோ, இன்னும் ஒரு மேகம் கூட இல்லை, இருந்தாலும் இந்த வானத்தை நம்பக் கூடாது. அவள் துணிகளை எடுத்து மடித்தாள். ஒன்றை மடித்துப் போனைப் பார்த்தாள், இன்னொன்றை மடித்துப் போனைப் பார்த்தாள். எழுந்திருக்காவிட்டால் செல்லை மாற்ற வேண்டும், இன்னொரு செல்லுக்குப் பழைய லேப்டாப் கடைக்கு அலைய வேண்டும், அதற்குள் மழை பிடித்துக்கொண்டால், அண்ணி அந்த வீட்டிலேயே, பரண், போதும் என்று சொன்னேனே. ஒரு கைக்குட்டை, ஒரு தலையணை உறை. போனோடு எடுத்து வந்திருந்த குட்டி ரேடியோ உள்ளங்கையில் லேசாக மினுங்கியது. புதுசாக ஒன்று தட்டினாள்: ‘அண்ணி, டப்பாவுக்கு ஜுரம் விட்டுடுச்சு. தெரியுதா?’ அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது டிக் விழுந்திருந்தது. சின்னதாக, பச்சையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி. அடி அசடே என்று தன்னையே சொல்லிக்கொண்டாள், சந்தோஷத்தில் வேறு வார்த்தை வரவில்லை. அண்ணி ஏதாவது கேலி எழுதுவார், எழுதட்டும், எத்தனை கேலி வேண்டுமானாலும் எழுதட்டும். பதில் வர நேரமானது. ஒற்றை விரலால் தட்டுகிறவர், கண்ணாடியைத் தேடுவார், நேரமாகத்தான் செய்யும். கடைசியில் வந்தது. நிதானமாக, இரண்டு தடவை படித்தாள்.

‘தெரியுது தேனு. மழை இல்லன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் இன்னிக்கே வந்துடட்டுமா. இருட்டினா அந்தப் பரணைப் பாக்கவே பயமா இருக்கு. போன்ல சொல்ல வாய் வரல.’

இத்தனை வருஷத்தில், சிரித்துச் சிரித்துச் சொன்ன அத்தனை தடவையிலும், பயமா இருக்கு என்று அண்ணி சொன்னதே இல்லை. டப்பா ஊமையாய்க் கிடந்த இத்தனை நாளும் சொல்ல இடமில்லாமல்தான் கையில் வைத்துக்கொண்டிருந்தாரா. தேன்மொழி மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கனகசபை சார் வீட்டுத் தொட்டிமேல் மாலைவெயிலில் பலகையின் முதுகு மட்டும் தெரிந்தது, அந்தப் பக்கம் அதன் முகம் சுத்தமாக இருக்கும், பக்கவாட்டில் குங்குமப் பொட்டும் இருக்கும். ‘வாங்க அண்ணி. உங்க தம்பி கூட்டிட்டு வருவார்’ என்று தட்டினாள். உடனே டிக் விழுந்தது. இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினாள்.